மனிதரைப் படித்தல்: தமிழகத்தில் மானிடவியல் கல்வி வந்த வழி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், பொம்மையார்பாளையத்தைக் கடந்தே காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்தை அடைய வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் மழைநீர் அரித்து அரித்துப் பள்ளத்தாக்குகளாக்கிய செம்மண் மேடு. இவ்வூரைச் சார்ந்த ஓடை என்னுமிடத்தில், 2001ஆம் ஆண்டு, கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் பி. இராஜேந்திரன் செம்புரைப் பாறைப் படிவில் ஒரு புதைபடிவத்தைக் கண்டார். அது ஒரு குழந்தையின் மண்டையோடு என்றும், ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது என்றும் அவரும் அவருடன் ஆய்ந்தோரும் 2006இல் ஆய்விதழொன்றில் எழுதினர். நருமதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதிக்குக் கிடைத்த பொது ஏற்பு, ஓடைக் குழந்தைக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்குமா, கிடைக்காதா என்பது வேறு. அதைத் தீர்மானிக்கும் அறிவு எந்தத் துறைக்குரியது என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

பாறையின் வயதை நிலவியலார் சொல்வர். எலும்பின் இயல்பை மருத்துவர் சொல்வர். அருகில் கிடைக்கும் கற்கருவிகளைத் தொல்லியலார் இனம் காண்பர். இம்மூவர் சொல்வதையும் ஒருங்கே வைத்து, 'இது மனிதக் குழந்தை; இன்ன வகை மனிதர்' என்று துணியும் துறைக்கு மானிடவியல் என்று பெயர். அதே துறைதான், ஓடைக்கு அருகில் இன்று வாழும் மனிதர் யாரைச் சித்தப்பா என்றும் யாரை மாமன் என்றும் அழைக்கின்றனர், கடலுக்குப் போகும் படகில் பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது, மயிலத்து முருகன் கோயிலை நிருவகிக்கும் வீரசைவ ஆதீனம் இக்கடற்கரை ஊரில் எவ்வாறு வேர்கொண்டது என்பனவற்றையும் கேட்கிறது. எலும்பும் உறவும் ஒரே துறையில் அடங்குவது நம் கல்வி மரபுக்குப் புதிதாகத் தோன்றலாம். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கி, அவ்வரிசையிலேயே மக்களையும் வைத்துப் பார்த்த மரபியலைப் பயின்றவர்களுக்கு அது அத்துணைப் புதிதன்று.

மானிடவியல், மானுடவியல், மாந்தவியல் எனப் பெயர்கள் மூன்று வழங்குகின்றன. பெயருக்குப் பஞ்சமில்லை, படிப்புக்குத்தான் பஞ்சம். கல்கத்தாவிலும் டெல்லியிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் நேரே இளநிலைப் பட்டத்துக்கு இப்பாடத்தை எடுப்பது பல பத்தாண்டுகளாக நடைமுறை. தமிழகத்துக் கலை அறிவியல் கல்லூரிகளிலோ இளநிலை மானிடவியல் மிக அரிது. வணிகவியலும் கணினியும் இல்லாத கல்லூரி இல்லை. மனிதனைப் பற்றிய பாடம் இருக்கும் கல்லூரியைத் தேடித்தான் போக வேண்டும். இது எவ்வாறு நேர்ந்தது என்று பார்த்தால், இந்தத் துறை தமிழ்நாட்டுக்கு வந்த வழியே ஒரு விடையைத் தருகிறது.

உண்மையில் அத்துறை தமிழ்நாட்டுக்கு வந்தது என்று சொல்வதைவிட, தமிழ்நாட்டிலிருந்து ஒரு பகுதி போயிற்று என்று சொல்வதே பொருத்தம். அமெரிக்காவில் லூயி ஹென்றி மார்கன் என்னும் வழக்குரைஞர், செனகா இராக்குவாய் மக்களின் உறவுப்பெயர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். அம்மக்கள் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைத்தனர். தாயின் உடன்பிறந்தாளையும் தாய் என்றே அழைத்தனர். ஆனால் தாயின் உடன்பிறந்தானுக்கும் தந்தையின் உடன்பிறந்தாளுக்கும் வேறு பெயர். ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தார் வழியாக அவருக்குத் தமிழ் உறவுப்பெயர்ப் பட்டியல் கிடைத்தது. நம் திண்டிவனத்திலும் பின்னாளில் நிலையம் அமைத்துப் பள்ளி நடத்திய அதே மிஷன்தான். பட்டியலைக் கண்ட மார்கன் வியந்தார். பெரியப்பன், சித்தப்பன், பெரியம்மை, சின்னம்மை ஆகியோர் ஒரு பக்கம். மாமன், அத்தை ஆகியோர் மறுபக்கம். பெரியப்பன் மகள் தங்கை; மாமன் மகள் முறைப்பெண். பூமியின் இரு கோடிகளில் இருந்த மக்களிடம் ஒரே அமைப்பு! இதிலிருந்து அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு உறவுப்பெயரே சான்று என்று அவர் முடிவு கட்டினார். அந்த ஏரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும் 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலிலிருந்துதான் உறவுமுறை ஆய்வு என்னும் கிளையே முளைத்தது. 1953இல் லூயி துய்மோன் திராவிட உறவுமுறையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அக்கிளையில் பூத்ததே. நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி பேத்திக்குச் சொல்லித்தரும் முறைகள், உலகெங்கும் இத்துறையின் முதலாண்டு மாணவர்கள் படமாக வரைந்து தேர்வெழுதும் பாடமாயின. நம் மாணவியர் அதைப் பாடமாகக் கண்டதில்லை. அவர்களுக்கு அது கல்யாணப் பேச்சில் மட்டும் வருவது.

அடுத்து வந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1901இல் தொடங்கிய இனவரைவுக் கணக்கெடுப்பின் சென்னை மாகாணப் பொறுப்பு அவரிடம் வந்தது. அருங்காட்சியகத்தின் தாவரவியலாளரான கா. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் சாதி வரலாறு எழுதுவோர் முதலில் கைநீட்டுவது அத்தொகுதிகளை நோக்கித்தான். தம் சாதிக்கு உகந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு உகவாததை விட்டுவிடுவது தனிக்கலை. தர்ஸ்டன் அளவைக் கருவிகளோடு சென்றார். தலையின் நீளம், அகலம், மூக்கின் அகலம் ஆகியவற்றை அளந்து, இன்ன சாதி இன்ன அளவு என்று அட்டவணையிட்டார். அக்கருவிகளைக் கண்டு மக்கள் ஓடியதை அவரே தம் முன்னுரையில் எழுதியுள்ளார். தம்முள் சிறந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று வயநாட்டுப் பணியப் பெண்கள் நம்பினராம். அவர் அதை நகைச்சுவையாகவே குறித்தார். எனக்கு அப்பெண்கள் துறையின் இயல்பை ஓரளவு சரியாகவே உணர்ந்திருந்ததாகத் தோன்றுகிறது.

ஏனெனில் அளவை அளவையோடு நிற்கவில்லை. குற்றவாளிகளை அடையாளம் காணக் காவல்துறையினருக்கும் உடலளவைப் பயிற்சி தரப்பட்டது. 1871இல் வடஇந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிறப்பினாலேயே ஒருவன் குற்றவாளி எனப் பதிவேட்டில் ஏறினான். இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டியவனானான். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. விடுதலைக்குப் பின் 1952இல்தான் அச்சட்டம் முற்றிலும் நீங்கியது. அது நீங்குவதற்குச் சற்று முன், 1949-50இல், அதே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர் துய்மோன். பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி இந்த அரைநூற்றாண்டில் எழுதப்பட்டவற்றை அடுக்கி வைத்தால், காவல் பதிவேடும் உலகப் புகழ்பெற்ற ஆய்வு நூலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டையும் படிக்க அம்மக்களுக்கு வாய்க்கவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். அளவைக் கருவி மட்டுமே குற்றமுடையதன்று. அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ் ஏறத்தாழ 18,000 குடியேறிகளையும் அவர்தம் பிள்ளைகளையும் அளந்து, புதிய மண்ணில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரின் வடிவத்திலிருந்து மாறுகிறது என்று காட்டினார். தலையளவு இனத்தின் மாறா முத்திரை என்னும் கொள்கையை அது அசைத்தது. அவர் கொலம்பியாவில் பாடம் சொன்னபோது, அதனோடு இணைந்த பார்னார்ட் மகளிர் கல்லூரியில் இளநிலை பயின்ற கறுப்பினப் பெண் சோரா நீல் ஹர்ஸ்டன். மாணவியாக இருந்தபோதே நியூயார்க்கின் ஹார்லம் தெருக்களில் நின்று தம் மக்களின் தலைகளை அளந்தவர். பின்னர்ப் போவாஸ் அவரைத் தென்மாநிலமான ஃபுளோரிடாவுக்கு, அவர் வளர்ந்த ஊர்ப்புறத்துக்கே, கதைகள் திரட்ட அனுப்பினார். 1928இல் பட்டம் பெற்ற அவர், 1935இல் அக்கதைகளை நூலாக்கினார். அளக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து ஒருத்தி கருவியைக் கையிலெடுத்தபோது துறையின் முகம் மாறியது. அது முனைவர் பட்ட நிலையில் நிகழவில்லை, இளநிலையிலேயே நிகழ்ந்தது என்பதே என் கருத்துக்கு வேண்டுவது.

நம் நாட்டில் இத்துறை கல்லூரிக்குள் நுழைந்தது கல்கத்தாவில். ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1920-21இல் அங்கு முதுநிலைத் துறை அமைந்தது. அங்குப் பாடம் சொல்லச் சென்றவர்களுள் ஒருவர் பாலக்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி நாட்டுப் பழங்குடிகளையும் சாதிகளையும் ஆய்ந்தவர். தெற்கிலிருந்து ஆசிரியர் வடக்கே போனார்; படிப்பு தெற்கே வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை தோன்றியது 1945இல். முதுநிலையும் ஆய்வுமே அதன் முதன்மைப் பணியாயின. அருங்காட்சியகத்தை 1940 முதல் இருபதாண்டுகள் நடத்திய அ. ஐயப்பன், இலண்டனில் ரேமண்ட் ஃபர்த்திடம் பயின்று பட்டம் பெற்றவர். ஈழவச் சமூகத்தில் பிறந்து அச்சமூகத்தின் மாற்றத்தையே நூலாக எழுதியவர். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்வதற்கு முன்பே அங்குச் சென்று ஆராய்ந்தவரும் அவரே. கல்கத்தாவின் இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறையும் அதே 1945இல் தோன்றியதே. 1985இல் கு.சு. சிங் தலைமையில் அது தொடங்கிய 'இந்திய மக்கள்' திட்டம் 4,635 சமூகங்களைப் பதிவு செய்தது.

மைசூரில் சற்று வேறு வழி. அங்கு 1930களில் 'சமூகத் தத்துவம்' என்றொரு ஆனர்ஸ் இளநிலைப் பாடம் இருந்தது. மானிடவியலும் அதனுள் அடக்கம். அதைப் படித்து 1936இல் பட்டம் பெற்ற மாணவர் எம்.என். சீனிவாஸ். பம்பாயிலும் ஆக்ஸ்போர்டிலும் பின்னர்ப் பெற்ற பட்டங்களே பேசப்படுகின்றன. விதை விழுந்தது மைசூர் இளநிலை வகுப்பில். மைசூர்க்குப் பக்கத்து ஊரில் 1948இல் அவர் திரட்டிய குறிப்புகள் 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் மாணவர் கலவரத் தீயில் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதி 1976இல் அந்த ஊரை அவர் மீட்டார். கன்னடமும் தமிழும் வீட்டுமொழியாய் இருந்தவர் நினைவிலிருந்து ஓர் ஊரை எழுத முடிந்ததில் வியப்பில்லை; ஊர் அவருக்குக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய செய்தி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். அவருக்கு இந்நாடு புதிது. நூல்களைவிட ஊர்களே பாடம் சொல்லும் என்று நம்பிய அவர், தம் மாணவர்களிடம் வினாத்தொகுதியைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் அதை எழுதிவரச் சொன்னார். 1916இல் எழுதப்பட்ட அவ்வறிக்கைகள் 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருளில் ஆங்கில நூலாயின. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடனுக்கு வட்டி என்ன, கிணறு எத்தனை, பண்ணையாள் எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறான் என்று அம்மாணவர்கள் எழுதினர். அவர்கள் மானிடவியல் மாணவர்கள் அல்லர். செய்தது மானிடவியலின் களப்பணி. அந்நூலிலுள்ள ஊர்களுள் ஒன்று அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணைப் பக்கம்.

இருவேல்பட்டு அதன் பின்னும் விடப்படவில்லை. 1930களின் பிற்பகுதியில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் மறுபடி அளந்து 1940இல் வெளியிட்டனர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1983இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் அவ்வூரைப் பற்றி எழுதினர். 2008இல் ஜான் ஹாரிஸும் ஜெ. ஜெயரஞ்சனும் கே. நாகராஜும் சென்று, 1916 முதலான மாற்றங்களை 2010இல் கட்டுரையாக்கினர். பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்ததும், உழைக்கும் மக்கள் வயலை மட்டும் நம்பியிராமல் வெளிவேலைக்குப் போனதும், சாதிகளுக்கிடையே வலிமை இடம் மாறியதும் அவற்றின் வழி தெரிகின்றன. ஏறக்குறைய நூறாண்டு ஓர் ஊரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு உலகிலேயே மிகச் சில. நம் மாவட்டத்தார் எத்தனை பேருக்கு இது தெரியும்? செஞ்சிக் கோட்டையின் மன்னர் வரிசையைத் தூக்கத்திலும் சொல்வோம். இருவேல்பட்டுப் பண்ணையாளின் நூறாண்டுக் கூலிக் கணக்கைச் சொல்வாரில்லை.

செஞ்சியைப் பற்றிப் பேசும்போது ஆல்ஃப் ஹில்டபைட்டலையும் சொல்லியாக வேண்டும். செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தெருக்கூத்துக் களங்களிலும் சுற்றித்திரிந்து அவர் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. மகாபாரதம் நம் ஊர்த் தீமிதியில் எவ்வாறு உயிர் பெறுகிறது என்பதை நாம் அந்நூலின் வழி திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது. வெளியார் எழுதினார்களே என்று குறைப்படுபவள் அல்லள் நான். அவர்கள் காட்டிய பொறுமை நமக்கு வாய்த்ததில்லை. கூத்தை நாம் விடிய விடியப் பார்த்தோம். காலையில் கை கால் கழுவிக்கொண்டு கல்லூரிக்குப் போய்க் கம்பனை மட்டும் படித்தோம்.

ஆயினும் யார் எங்கிருந்து பார்க்கிறார் என்பது பார்க்கப்படுவதை மாற்றத்தான் செய்கிறது. 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊரொன்றை ஆய்ந்த ஆந்திரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அங்குத் தங்கியதால் ஆதிதிராவிடர் தெருவோடு தமக்குத் தொடர்பு குறைந்ததை அவரே தம் நூலில் நேர்மையாகக் குறித்தார். அந்த நேர்மையே துறையின் பெருமை. இன்னொரு பக்கம் புதுச்சேரிக்கு அருகே காரணி என்னும் ஊர். வீரம்மா என்னும் தலித் வேளாண் கூலிப்பெண், பாட்டும் ஒப்பாரியும் வல்லவர், தம் வாழ்வை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஜோசியான் ரசினிடம் தமிழில் சொன்னார். நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர்களில் முதலாவது வீரம்மாவுடையது. அது அச்சேறியது 1995இல் பிரெஞ்சில், 1997இல் ஆங்கிலத்தில். தகவலாளி என்று அடிக்குறிப்பில் நின்றிருக்க வேண்டியவர் முகப்புக்கு வந்தார். மொழி மட்டும் ஊரை விட்டுப் போயிருந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு கடற்கரை ஊர்களின் ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கழிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வூர்ப் பக்கத்து மீனவர் குடியிருப்பு ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அமர்ந்தபோது, வலைக்கு அருகில் இருந்த மூதாட்டி கேட்டார்: "ஏம்மா, நீயும் எழுதிக்கிட்டுப் போவ வந்தவதானா? சுனாமி வந்ததுலேர்ந்து எங்க பேரை எழுதாதவங்களே இல்ல. எழுதிக்கிட்டுப் போனதை ஒருத்தராச்சும் திருப்பிக் கொண்டாந்து படிச்சுக் காட்டல." அந்நாளில் எத்தனையோ வினாத்தாள்கள் அக்கடற்கரையில் அலைந்தன. வினவியோருள் நல்ல நோக்கமுடையோர் பலர். ஆனால் அந்த மூதாட்டியின் குறையே மானிடவியலார் உலகெங்கும் கடந்த அரைநூற்றாண்டாகத் தம்மைத்தாமே கேட்டுவரும் வினா. எழுதப்படுகிறவருக்கு எழுத்தில் என்ன பங்கு? அவர் அதைப் படிக்கலாமா, மறுக்கலாமா? அன்று நான் திரட்டிய பாடல்களைப் பின்னர் அவரிடமே ஒலிக்கவிட்டேன். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். 'அது அவ வூட்டுப் பாட்டு, என் பேர்ல போடாத' என்றார். ஒப்பாரிக்கு உரிமையாளர் உண்டு என்பது எந்த நாட்டார் இலக்கிய நூலிலும் எனக்குக் கிடைக்காத செய்தி.

தமிழகத்தில் மானிடவியல் செய்ய வேண்டிய பணியின் பெரும்பகுதியைத் தமிழ்த்துறைகளே புறக்கடை வழியாகச் செய்து வந்துள்ளன. நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழும் நெல்லை ஆய்வுக்குழுவும் அதற்குத் தூண்டுகோல். பின்னர் எம்.ஃபில். பட்டத்துக்கென மாணவர் தத்தம் ஊர்ப் பாடல்களையும் விடுகதைகளையும் சாமி கதைகளையும் திரட்டினர். அவ்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றுள் பல மெலிந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாடலைத் தந்தார்கள், பாடியவள் யார், யாருக்குப் பாடினாள், பாடிய பின் அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைத் தரவில்லை. அதைக் கேட்கும் பயிற்சி இலக்கியப் பாடத்தில் இல்லை, மானிடவியலில் உண்டு. பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' 1990இல் வந்தபோது தமிழாசிரியர் பலர் அதைத் தேடிப் பிடித்துப் படித்ததற்கு இக்குறையே காரணம். தமிழிலேயே இத்துறையின் கருத்துகளைச் சொல்ல முடியும் என்பதையும் அது காட்டியது. இனவரைவியல், உறவுமுறை, களப்பணி, குலக்குறி போன்ற சொற்கள் இன்று தமிழ் முதுகலை வகுப்பில் தடையின்றி வழங்குகின்றன. சங்கத் திணைகளை வாழ்நிலம், தொழில், உறவு என்று விரித்துப் படிப்பதற்கு அவை உதவுகின்றன. சில ஆய்வேடுகளில் அவை வெறும் அணியாக நிற்பதும் உண்டு.

இளநிலையில் இப்பாடம் எப்படி இருக்கும் என்று வினவுவோர்க்குச் சிறிது சொல்லலாம். சில பல்கலைக்கழகங்களில் அது பி.ஏ.; சிலவற்றில் பி.எஸ்சி. டெல்லியில் அறிவியல் பட்டம். காரணம் வெளிப்படை: பாதி உடல், பாதி பண்பாடு. எலும்புகளின் பெயரும் மரபணுவின் இயல்பும் குருதி வகைகளும் ஒரு பக்கம். கற்கருவிகளை வரைதல் ஒரு பக்கம். திருமணம், சமயம், பொருளியல், அரசு ஆகியவற்றைச் சிறு சமூகங்களில் வைத்துப் பார்த்தல் மற்றொரு பக்கம். இறுதியில் களப்பணி. ஓர் ஊரில் போய்த் தங்கி, வீடு வீடாக வம்சாவளி வரைந்து, கேட்டதையும் கண்டதையும் வேறுவேறாகக் குறித்து, அறிக்கை எழுதுதல். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இப்பயிற்சி பெறும் மாணவி, தன் சாதியும் தன் ஊரும் உலகின் ஒரே வழக்கமன்று என்பதை அவ்வயதிலேயே அறிகிறாள். அத்தை மகனை மணப்பது நமக்கு உரிமை. வேறொரு நாட்டில் அது குற்றம். இன்னொரு நாட்டில் பெரியப்பன் மகளையே மணக்கலாம். இதைச் சொன்னால் என் வகுப்பில் முதலில் சிரிப்பு எழும். பிறகு ஒரு மௌனம் வரும். அம்மௌனத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று பெற்றோர் கேட்பர். கேட்பதில் குற்றமில்லை, நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். மானிடவியல் அளவீட்டுத் துறை, அருங்காட்சியகங்கள், பழங்குடி நலத்துறைகள், ஆய்வு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு, எண்ணிக்கை பெரிதன்று. யு.பி.எஸ்.சி. தேர்வில் விருப்பப் பாடமாக இதை எடுப்போர் ஏராளம். பொறியியலும் மருத்துவமும் படித்துவிட்டுத் தேர்வுக்காக மட்டும் இதைச் சில மாதங்களில் மனப்பாடம் செய்கின்றனர். மாவட்ட ஆட்சியராக வரப்போகிறவர் மார்கனையும் போவாஸையும் அறிந்திருப்பது நன்றே. ஆனால் அவர் ஆளப்போகும் ஊரின் பெண் அதை அறிய வழியில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. தர்ஸ்டன் காலத்தில் அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் வேறொருவர். தேர்வுக்கான பாடமாக மட்டும் இது எஞ்சுமாயின் அப்பிரிவினை அப்படியே தொடரும்.

பொம்மையார்பாளையத்தையே எண்ணிப்பார்க்கலாம். சாலையின் ஒரு முனையிலும் மறு முனையிலும் புதுச்சேரி நிலம். இடையே இவ்வூர் தமிழ்நாடு. 1954 வரை ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி, மறுபக்கம் முதலில் ஆங்கிலேய ஆட்சி, பின் இந்திய ஆட்சி. வீரசைவ மடம் ஒருபுறம். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய ஆரோவில் மேட்டின்மேல். பல நாட்டார் அங்குக் குடியிருக்கின்றனர், நம் பெண்கள் அவர்தம் வீடுகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கின்றனர். ஆரோவிலாரைப் பற்றி நம் பெண்கள் என்ன நினைக்கின்றனர் என்பதை எழுதிய நூல் எனக்குத் தெரிந்து இல்லை; மறுதலையாக எழுதப்பட்டவை உண்டு. கரையிலோ, புதுச்சேரித் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் 1980களின் பிற்பகுதியில் எழுந்த பின், தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் தடைப்பட்டு வடக்குப் பக்கத்துக் குப்பங்களைக் கடல் அரித்து வருகிறது. மடம், எல்லை, அயல்நாட்டார், கடலரிப்பு என்று ஒரு மானிடவியல் துறைக்குப் பத்தாண்டு வேலை தரும் பொருள்கள் இரண்டு கல் தொலைவுக்குள் கிடக்கின்றன. காலாப்பட்டில் மானிடவியல் துறையும் இருக்கிறது. இடையில் இல்லாதது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை அங்குக் கொண்டு சேர்க்கும் படிக்கட்டு.

சென்ற பருவத்தில், அகநானூற்று நெய்தல் பாடல்களை நடத்தியபோது, இளங்கலை முதலாண்டு மாணவியரைத் தத்தம் குடும்ப வம்சாவளியைப் படமாக வரைந்துவரச் சொன்னேன். முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு திருமணம் என்று குறியீடுகளை மட்டும் கரும்பலகையில் எழுதிக்காட்டினேன். பெரும்பாலோர் மூன்று தலைமுறையோடு நின்றனர். பாட்டியின் தாயின் பெயர் தெரியவில்லை. அவள் கணவனின் தந்தை பெயர் தெரிந்தது. மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஐந்து தலைமுறை வரைந்திருந்தாள். நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு பெயரின் கீழும் அவர்களது வீடு இருந்த இடம். மேல் இரண்டு வரிசைகளில் எல்லா வீடுகளுக்கும் நேரே 'கடல்' என்று எழுதியிருந்தது. மூன்றாம் வரிசையில் பாதிக்கு. யாரிடம் கேட்டாய் என்றேன். ஆயாவிடம், வலை பின்னும்போது, நான்கு நாள் என்றாள். அப்படத்தைத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. அகமதிப்பீட்டில் ஐந்து சேர்த்தேன்.